பீர் ஆலையில் பயிற்சிப் பணி

கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர் ஒருவருக்குப் பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து பயிற்சிப் பணிக்கான கடிதம் வருகிறது. அந்நிறுவனம் துணி நெய்வதாகவோ மருந்து செய்வதாகவோ இருப்பின் வீட்டில் மகிழ்ச்சிக்குக் குறைவிராது. அது பீர் காய்ச்சும் நிறுவனமாக இருப்பின் மகிழ்ச்சியோடு ஒரு தயக்கமும் எழுகின்றது. திருவனந்தபுரத்து வலியசாலையைப் போன்ற இடங்களில், கோயிலை ஒட்டிய தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களில், இத்தயக்கம் இன்னும் சற்று மிகுதியாக இருத்தல் இயல்பே. 'சேரலாமா?' என்ற கேள்விக்கு அவரவர் மனச்சான்றே விடை கூறவேண்டும். ஆயினும் விடை கூறுமுன் அறிந்திருக்கவேண்டிய செய்திகள் சில உண்டு. அந்தப் பணியின் சட்டநிலை யாது, ஆலைக்குள் நடைபெறுவது யாது, அங்குள்ள ஆபத்து யாது, அங்குக் கற்பது பிற்காலத்தில் எதற்கு உதவும் என்பவற்றை முறையாக நோக்குவோம்.

வலியசாலை என்னும் பெயருக்குப் பெரிய சாலை என்பது பொருள். இங்குள்ள மகாதேவர் கோயிலைச் சார்ந்தே பழைய காந்தளூர்ச் சாலை விளங்கிற்று என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்ளும் முடிபு. சாலை என்பது ஈண்டு வழியைக் குறிப்பதன்று. உண்டியும் உறையுளும் அளித்துக் கல்வி பயிற்றிய நிலையத்தையே குறிப்பது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-ஆம் ஆண்டில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறைக்கு அருகில் பார்த்திவசேகரபுரம் என்னும் ஊரில் திருமால் கோயிலும் சாலையும் அமைத்தான். அச்சாலை காந்தளூர்ச் சாலையின் முறையைப் பின்பற்ற வேண்டும் என்று அவன் செப்பேடு விதிக்கின்றது. பயில்வோர் எண்ணிக்கை 95 என்றும், அவர்களுள் எந்த வேதப் பிரிவினர்க்கு எத்தனை இடம் என்றும், சேர்வதற்கு உரிய தகுதி யாது என்றும், தகாத சொல் பேசினாலும் படைக்கலம் எடுத்துத் தாக்கினாலும் என்ன தண்டம் என்றும் அதில் காண்கிறோம். அன்று அவ்வாயில் ஒரு குலத்தார்க்கே திறந்திருந்தது. இன்று அந்நிலை இல்லை. ஆயினும் ஒன்று நம் கருத்தில் நிற்கவேண்டும். பயில வருபவனுக்கும் பயிற்றும் நிலையத்துக்கும் இடையே உள்ள கடமைகளை எழுத்தில் வைக்கவேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இப்பகுதியினர் உணர்ந்திருந்தனர்.

இன்றைய பயிற்சிப் பணியில் முதல் இடர்ப்பாடே எழுத்தில் உள்ள ஒரு சொல்லால் விளைவது. அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்போர் நன்கு அறிந்த செய்தி இது. ஆங்கிலத்தில் 'அப்ரண்டிஸ்' என்று ஒரு சொல் உண்டு. 'டிரெய்னி' என்று மற்றொரு சொல் உண்டு. பேச்சுத் தமிழில் இரண்டையும் 'பயிற்சியாளர்' என்றே சொல்லிவிடுகிறோம். போதாக்குறைக்குப் பயிற்சி அளிப்பவரையும் அதே சொல்லால் குறிக்கிறோம். சட்டத்தின் கண்ணில் முதல் இரண்டும் வேறு வேறு. ஆகவே முன்னவரைத் தொழிற்பழகுநர் என்றும், பின்னவரைப் பயிற்சிப் பணியாளர் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

தொழிற்பழகுநர் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருபவர். அச்சட்டம் முதலில் கைத்தொழில் பழகுவோரை நோக்கியே இயற்றப்பட்டது. 1973-இல் செய்த திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயம் பெற்றோரும் அதனுள் வந்தனர். 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பிற துறைப் பட்டதாரிகளுக்கும் வழி பிறந்தது. இச்சட்டப்படி நிறுவனமும் பழகுநரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பழகுநர் வயது நிரம்பாதவராயின் அவர்தம் காப்பாளர் கையொப்பமிட வேண்டும். ஒப்பந்தம் உரிய அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். பழகுநர் பெறுவது சம்பளம் அன்று, உதவித்தொகை. அதன் கீழெல்லையை விதிகள் வரையறுக்கின்றன. செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு அதைக் கொடுத்தல் கூடாது. அவர் கற்க வந்தவரேயன்றித் தொழிலாளி அல்லர் என்று சட்டம் தெளிவாகவே கூறுகின்றது. எனினும் தொழிற்சாலையில் உள்ளோரின் உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றுக்குரிய விதிகள் அவரையும் காக்கும். பயிற்சியின்போது விபத்து நேரின் இழப்பீடு கோரவும் அவருக்கு உரிமை உண்டு.

பயிற்சி முடிந்ததும் வேலை கிடைக்குமா? தென்னாட்டுப் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. பழகிய ஒவ்வொருவருக்கும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. பழகி முடித்தோரைப் பணியில் அமர்த்துவது குறித்துத் தனக்கென ஒரு கொள்கையை நிறுவனம் வகுத்துக்கொள்ள வேண்டும் என்றே கூறுகின்றது. 'பயிற்சி முடிந்தபின் இந்நிறுவனத்திலேயே பணியாற்றுவேன்' என்று ஒப்பந்தத்தில் பழகுநர் உறுதி கூறியிருப்பின், தக்க பணியை அளிக்கும் கடமை நிறுவனத்தையும் சாரும். ஒருபுறம் மட்டும் கட்டும் கயிறாக அது இராது. ஆகவே அந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் உளதா இலதா என்று பார்த்துக்கொள்ளுதல் நலம்.

பயிற்சிப் பணியாளரின் நிலை வேறு. அவர் நிறுவனத்தின் சொந்தத் திட்டப்படி நியமனம் பெறுகிறார். பெரிய பீர் நிறுவனங்கள் வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம், பொறியியல் ஆகியவற்றில் தேறியவர்களை இவ்வாறே எடுக்கின்றன. விற்பனைக்கும் கணக்குக்கும் வேறு பட்டதாரிகளை எடுப்பதுண்டு. இவருடைய உரிமைகள் யாவும் நியமனக் கடிதத்தைப் பொறுத்தவை. பயிற்சிக் காலம் எத்துணை, அதன்பின் தகுதிகாண் பருவம் உண்டா, எந்த மாநிலத்து ஆலைக்கு அனுப்புவர், இடையில் விலகினால் பிணைப்பத்திரப்படி எவ்வளவு பணம் கேட்பர் என்ற நான்கையும் அதில் தேடவேண்டும். பிணைப்பத்திரத்தில் எழுதிய தொகை முழுவதையும் கொடுத்தே ஆகவேண்டும் என்று அஞ்சுவோர் பலர். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, எழுதிய தொகையை மேலெல்லையாக வைத்து நியாயமான ஈட்டுத்தொகை பெறுவதற்கே இடமளிக்கின்றது. அதற்காகப் பத்திரத்தை எளிதாக எண்ணிக் கையெழுத்திடுதலும் ஆகாது. மூலச் சான்றிதழ்களைக் காட்டலாம். ஒப்படைத்துவிட்டு வருதல் தக்கதன்று.

இனி, இத்தொழில் நம் நாட்டுக்கு வந்த வகையைச் சிறிது நோக்குவோம். வெள்ளையர் படைகள் தங்கிய மலையூர்களிலும் பாளையங்களிலும்தான் பீர் ஆலைகள் முதலில் எழுந்தன. வடக்கே கசௌலியில் எட்வர்டு டையர் என்பவர் 1855-இல் தொடங்கிய ஆலை அவற்றுள் முற்பட்டது. தெற்கே நீலகிரியிலும் பெங்களூரிலும் இருந்த ஐந்து சிறு ஆலைகளை 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஒன்றிணைத்தார். யுனைடெட் புரூவரீஸ் என்னும் பெரிய நிறுவனம் பிறந்தது அவ்வாறே. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநரானார். மறு ஆண்டில் தலைவரானார். 2021-இல் ஹாலந்து நாட்டு ஹைனெகன் நிறுவனம் அதன் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்றது. இலங்கையில் நுவரெலியாவிலும், மலாயாவில் 1930-களில் சிங்கப்பூரிலும் எழுந்த ஆலைகளும் இதே வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை. இளைஞர் ஒருவர் பயிற்சிக்கென்று நுழையும் இடம் இவ்வாறு உலகெங்கும் கிளை பரப்பிய தொழில்.

ஆலைக்குள் நடைபெறுவது யாது? வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, முளை கட்டவைத்து, சூட்டில் உலர்த்துவர். இதற்கு மால்ட் என்று பெயர். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி மாவாக்குவதை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. தானியம் முளைக்கும்போது அதனுள் சில நொதிப்பொருள்கள் உண்டாகின்றன. மால்ட்டை இடித்து ஏறக்குறைய 62 முதல் 72 பாகை வரை சூடுள்ள நீரில் கரைத்து வைத்தால், அந்நொதிப்பொருள்கள் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. சூடு குறைந்தால் மாற்றம் மெதுவாகும். மிகுந்தால் நொதிப்பொருளே அழியும். இனிப்பான அச்சாற்றை வடித்தெடுத்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூங்கதிரைச் சேர்த்து, பெருங்கொப்பரையில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கொதிக்க வைப்பர். கசப்பும் மணமும் வருவது இதனால். பின்பு குளிரச்செய்து ஈஸ்ட்டை இடுவர். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடும். ஒரு வார அளவில் நொதித்தல் அடங்கும். அதன்பின் உறைநிலையை ஒட்டிய குளிரில் நாள்பட வைத்துத் தெளியவைத்து, வடிகட்டி, புட்டியில் அடைத்து, ஏறத்தாழ 60 பாகைச் சூட்டில் சிறிது நேரம் வைத்துக் கிருமி நீக்கி வெளியே அனுப்புவர்.

இப்படி எழுதும்போது எளிதாகத் தோன்றும் இவ்வேலை, நாள்தோறும் ஒரே சுவையில் இலட்சக்கணக்கான புட்டிகளாக வெளிவர வேண்டுமெனில் ஒவ்வொரு படியிலும் அளவு தேவைப்படுகின்றது. புதிதாகச் சேர்ந்தவரின் முதல் மாதங்கள் இந்த அளவைகளிலேயே கழியும். வெப்பநிலையைக் குறித்தல், சாற்றின் அடர்த்தியைச் சர்க்கரைமானியால் காணுதல், ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் வைத்து உயிருள்ளவற்றையும் இறந்தவற்றையும் எண்ணுதல், நீரின் கடினத்தைச் சோதித்தல் முதலியன அவரிடம் ஒப்படைக்கப்படும். இரவு முறையில் வேலை செய்ய நேரும். நொதித்தொட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது இல்லை. பெரும்பகுதி நேரம் கழுவுவதிலும் கழுவியதைச் சரிபார்ப்பதிலுமே போகிறதே என்று பட்டதாரிகள் முதலில் மனம் சோர்வதுண்டு. தூய்மைதான் இத்தொழிலின் பாதி என்பதைப் பிறகே உணர்வர். ஒரு குழாயின் வளைவில் தங்கிய வேற்று நுண்ணுயிர் ஒரு தொட்டி முழுவதையும் புளிக்கச் செய்துவிடும்.

ஆபத்தைக் குறித்து வெளிப்படையாகச் சொல்லுதல் நம் கடமை. நொதித்தலில் பிறக்கும் கரியமில வாயு காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது. அது கலனின் அடியிலும் தாழ்ந்த அறைகளிலும் தேங்கும்; கண்ணுக்குத் தெரியாது. காலியான தொட்டி என்று எண்ணி உள்ளே இறங்குபவர் சில மூச்சுகளில் மயங்கி வீழ்வார். அவரைத் தூக்க விரைந்து இறங்குபவரும் வீழ்வார். ஆகவே காற்றைச் சோதித்து, எழுத்து வடிவில் அனுமதி பெற்று, வெளியே ஒருவர் காவல் நிற்க, மீட்புக் கயிற்றோடு அன்றி எக்கலத்திலும் இறங்குதல் கூடாது. குளிரூட்டும் அம்மோனியாவும், கழுவப் பயன்படும் காஸ்டிக் சோடாவும் கண்ணையும் நுரையீரலையும் பாழாக்க வல்லவை. கரியமில வாயு நிறைந்த மூடிய தொட்டியில் காஸ்டிக் சோடாக் கரைசலைப் பாய்ச்சினால், கரைசல் அவ்வாயுவை விரைவில் உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்றின் அழுத்தத்தால் எஃகுத் தொட்டியே நசுங்கிப்போகும். எதை முதலில் திறப்பது, எதைப் பின்னர் மூடுவது என்ற வரிசை அங்கு உயிரோடு தொடர்புடையது. மேலதிகாரி அவசரப்படுத்தினும், 'முறை தெரியவில்லை, காட்டித் தாருங்கள்' என்று கேட்பதில் பயிலுநர்க்கு இழுக்கு இல்லை. அவர் அங்குச் சென்றிருப்பது கேட்பதற்கே.

இத்தகைய ஆலையில் பயிலுநராகப் புகுந்து, உலகமே பயன்படுத்தும் அறிவை ஆக்கித் தந்தவர் ஒருவர் உண்டு. வில்லியம் சீலி காசெட் என்பவர் ஆக்ஸ்போர்டில் வேதியியலும் கணிதமும் பயின்று, 1899-இல் டப்ளின் நகரத்துக் கின்னஸ் பீர் ஆலையில் இளநிலை வேலைக்குச் சேர்ந்தார். வாற்கோதுமையும் ஹாப்ஸும் ஆண்டுக்காண்டு மாறுபடும். நூற்றுக்கணக்கான மாதிரிகளைச் சோதிக்கப் பொழுதும் இல்லை, பொருளும் இல்லை. நான்கைந்து மாதிரிகளைக் கொண்டு முழுச் சரக்கையும் எவ்வளவு நம்பலாம் என்பதே ஆலை அவர்முன் வைத்த வினா. அந்நாளைய புள்ளியியல் பெருந்தொகையான மாதிரிகளுக்கே விடை கூறிற்று. காசெட் 1906-இல் இலண்டன் சென்று கார்ல் பியர்சனிடம் பயின்று, 1908-இல் தம் முடிபை வெளியிட்டார். ஊழியர் தம் பெயரில் ஆராய்ச்சியை வெளியிட நிறுவனம் இசையாமையால் 'மாணவர்' எனப் பொருள்படும் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார். இன்று மருந்தைச் சோதிப்போரும் பயிர் விளைச்சலை ஆராய்வோரும் கையாளும் டி-சோதனை அவ்வழி வந்ததே. கோப்பன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பர்க் ஆலையும் 1875-இல் ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தது. ஈஸ்ட்டைத் தூய வித்தாகப் பிரித்து வளர்க்கும் முறையை ஹான்சன் 1883-இல் அங்குக் கண்டார். புளிப்புத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலைச் சோரன்சன் 1909-இல் அங்கேயே வகுத்தார். நம் பள்ளி மாணவர் வரை பயன்படுத்தும் அந்த அளவுகோல் பிறந்த இடம் பீர் ஆலையின் சோதனைச்சாலை என்பதைப் பலர் அறியார்.

ஆகவே இங்குக் கற்பது பீரோடு முடிந்துபோவதன்று. பெனிசிலின் போன்ற மருந்துகளையும், காடியையும், பாலிலிருந்து செய்யும் பண்டங்களையும், தொழிலில் பயன்படும் நொதிப்பொருள்களையும் ஆக்கும் ஆலைகளில் வேண்டப்படுவதும் இதே அறிவுதான். வலியசாலையிலிருந்து தொலைவில் இல்லாத பாப்பனங்கோட்டில், மத்திய அறிவியல் தொழிலாராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த தேசிய ஆராய்ச்சி நிலையத்திலும் நுண்ணுயிர்களைக் கொண்டு பொருள்கள் ஆக்கும் துறையில் ஆராய்ச்சி நடைபெறுகின்றது. பீர் ஆலையில் இரண்டாண்டு செம்மையாகப் பயின்றவர் அத்தகைய கதவுகளைத் தட்டத் தகுதி உடையவராவார்.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. நம் அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடான மதுவை விலக்க அரசு முயலவேண்டும் என்கிறது. மது குறித்த சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலங்களுடையது. 1937-இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு பின்னர்ச் சென்னை மாநிலம் முழுவதும் பரவி, 1971-இல் தளர்த்தப்பட்டது. பீகாரில் 2016 ஏப்ரலில் மதுவிலக்கு வந்தபோது மது விற்பனை ஒரே வாரத்தில் நின்றது. மது ஆக்குவோரும் தொழிலைக் கைவிட நேர்ந்தது. கேரளத்தில் மதுவின் மொத்த வணிகம் 1984-இல் நிறுவிய அரசுக் கழகத்தின் கையில் உள்ளது. 23 வயது நிரம்பாதவர்க்கு மது விற்பதும் குற்றம். 21 வயதில் பட்டம் பெற்றுச் சேரும் இளைஞர், தாம் அளந்து சோதிக்கும் பொருளைத் தம் ஊர்க் கடையில் வாங்குவதற்குச் சட்டம் இடம் தராது. ஓர் ஆணையால் சுருங்கவும் விரியவும் கூடிய தொழில் இது என்பதை எண்ணியே ஒருவர் இதில் வாழ்வை நிறுத்தவேண்டும்.

மனச்சான்றின் கேள்வி அதன்பின்னும் நிற்கும். குடியால் சிதைந்த குடும்பங்களை நாம் ஒவ்வொருவரும் கண்டிருக்கிறோம். பீரில் சாராயச் சத்து குறைவு என்று கூறி அக்கேள்வியை ஒதுக்கிவிட இயலாது. குறைவான அளவும் நாள்தோறும் சேரின் தீங்கே. இத்தொழிலில் ஈடுபட மனம் ஒப்பாதவர் விலகி நிற்பதை ஒருவரும் குறை கூறுதல் தகாது. குடும்பத்தின் கடனும் தம் படிப்பின் வழியும் நோக்கிச் சேர்பவரை இழித்துப் பேசுதலும் தகாது. சேர்பவர் ஒன்றை மட்டும் முதல் நாளிலேயே உறுதி செய்துகொள்ளலாம். பீரின் சுவையறிந்து சோதிப்போர் அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றவர்கள். சுவைத்துப் பார்க்கும் அப்பணி தம் கடமையுள் அடங்குமா, வேண்டாம் என்று கூற இடமுண்டா என்பதை நேர்முகத் தேர்விலேயே கேட்டறிதல் வேண்டும். கேட்பது நாணத்துக்குரியதன்று, பின்னர்த் தயங்கி நிற்பதே இருபுறத்தார்க்கும் இடர்.

முடிவாக, கடிதம் கைக்கு வந்ததும் செய்யவேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுவோம். தாம் தொழிற்பழகுநரா, பயிற்சிப் பணியாளரா என்பதை எழுத்தில் தெளிந்துகொள்க. பழகுநராயின் ஒப்பந்தம் பதிவாகிறதா என்று பார்க்க. ஐயம் இருப்பின் சென்னைத் தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தை அணுகிக் கேட்கலாம். பணியாளராயின் காலம், இடம், பிணைப்பத்திரம் ஆகியவற்றை வீட்டில் ஒருவர்க்கேனும் படித்துக் காட்டுக. பயிற்சிக் காலத்தில் எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்ற அட்டவணையைக் கேட்டுப் பெறுக. பெற்றபின் ஒரு குறிப்பேட்டில் அன்றன்று கற்றதை எழுதிவருக. சொன்ன பயிற்சி கிடைத்ததா என்பதற்கு அக்குறிப்பேடே சான்று. அடுத்த வேலைக்கு நேர்முகம் செல்லும் நாளிலும், சான்றிதழைக் காட்டிலும் மிகுதியாகப் பேசப்போவது அதுவாகவே இருக்கும்.